தேற்றங்களைக் குவித்த பிறகு தர்ஸ்டன் செய்தது

கணிதம் பற்றிய எழுத்துகளில் நான் அதிக முறை திரும்பிப் போய்ப் படித்தது எது என்று கேட்டால், 1994 ஏப்ரலில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் புல்லட்டினில் வந்த ஒரு கட்டுரையைச் சொல்வேன். மொத்தம் 17 பக்கம். எழுதியவர் வில்லியம் தர்ஸ்டன். அப்போது அவருக்கு 47 வயது. கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை வைத்து வடிவங்களைப் படிப்பது டோபாலஜி. அதில் முப்பரிமாண டோபாலஜி என்ற துறையின் முகத்தையே மாற்றியிருந்தார். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து, கணிதம் செய்கிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று தன் வாழ்க்கையை வைத்தே யோசித்துப் பார்க்கிறார்.

எம்.எஸ்சி. படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் அதை நகலெடுத்துக் கொடுத்தார். அதுவரை டோபாலஜி என்றால் எனக்குத் திறந்த கணம், மூடிய கணம், அவற்றின் வரையறைகள், பரீட்சைக்கு வரக்கூடிய சில தேற்றங்கள். நிரூபணங்களை வரி பிசகாமல் எழுதிவிடுவேன். அந்தத் தேற்றங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. தர்ஸ்டனைப் படித்ததிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவரைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

1946 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில் பிறந்தார். பிறவியிலேயே மாறுகண். இரண்டு கண்களும் ஒரே பொருளின் மேல் சேர்ந்து நிற்காது. அதனால் எது கிட்டே இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்ற ஆழ உணர்வு அவருக்கு இயல்பாக வரவில்லை. அவருடைய அம்மா மார்கரெட், இரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்ணங்களும் கோலங்களும் நிறைந்த புத்தகங்களை மணிக்கணக்கில் காட்டிப் பழக்கினார். அந்த அம்மா தையலில் கெட்டிக்காரர். தட்டையான துணியை வெட்டி, மடித்து, இணைத்து உடம்புக்குப் பொருந்தும் வடிவமாக்குவது அவருக்குக் கைவந்த கலை.

ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போதே, மனதுக்குள் உருவங்களைப் பார்க்க தினமும் பயிற்சி எடுப்பது என்று பையன் முடிவு செய்துகொண்டானாம். நெருங்கிய சகாக்கள் எழுதிய நினைவுக் குறிப்பில் இது வருகிறது. நான்கு, ஐந்து பரிமாணங்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று பிற்காலத்தில் அவரைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று பரிமாணத்தைப் பார்ப்பது போலத்தான், தட்டையான பிம்பங்களிலிருந்து முழு உருவத்தைக் கட்டி எழுப்புவதுதான் என்பது அவர் பதில். நம் கண்ணுக்குள் விழுவதும் தட்டையான பிம்பம்தானே. மூன்றாவது பரிமாணத்தை நாம் கட்டிக்கொள்கிறோம், பழகிவிட்டதால் கட்டுவது தெரிவதில்லை. அதை உழைத்துக் கற்ற ஒருவருக்கு நான்காவது பரிமாணம் அடுத்த பாடமாகத்தான் தெரிந்திருக்கும். அவருடைய கற்பனையைப் பிறவி மேதைமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதில் அந்த அம்மாவின் பொறுமையும் ஒரு சிறுவனின் தினசரிப் பயிற்சியும் இருக்கின்றன.

ஃபுளோரிடாவில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த நியூ காலேஜ் என்ற சிறிய கல்லூரியில், முதல் அணி மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்து 1967-ல் பட்டம் பெற்றார். அப்புறம் கலிஃபோர்னியாவில் பெர்க்லி. வியட்நாம் போர் எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம். ஆய்வு வழிகாட்டி மோரிஸ் ஹிர்ஷ்.

டென்னிஸ் சல்லிவன் என்ற பெரிய டோபாலஜிக்காரர் சொன்ன ஒரு சம்பவம் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1971 டிசம்பர், பெர்க்லியில் ஒரு கருத்தரங்கு. தளத்தில் இருக்கும் சில புள்ளிகளை ஒன்றோடொன்று மோதாமல் வேறு இடங்களுக்கு நகர்த்தும் முறை ஒன்றை மேடையில் இருந்தவர் சொல்லி முடிக்கிறார். பின்வரிசையிலிருந்து நீள முடியும் தாடியுமாக ஒரு மாணவர் எழுந்து, இது வேலை செய்யாது என்று நினைக்கிறேன் என்கிறார். கூச்சத்தோடு முன்னே வந்து பலகையில் ஏழேழு புள்ளிகளாக இரண்டு படம் வரைகிறார். அந்த முறைப்படி புள்ளிகளை இணைக்க ஆரம்பித்தால் கோடுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிச் சிக்கலாகிக்கொண்டே போகின்றன. சில நாள் கழித்து சல்லிவனும் அவரும் சேர்ந்து, தன்னையே வெட்டாமல் பின்னிப் பின்னிப் போகும் ஒரு மூடிய வளைகோட்டைக் கணிதத் துறைச் சுவரில் பெரிதாக வண்ணம் தீட்டினார்கள். பல பத்தாண்டுகள் அந்தச் சித்திரம் அங்கே இருந்தது. பரப்புகளைத் தங்கள் மேலேயே முறுக்கிப் போர்த்தும் மாற்றங்களை வகைப்படுத்தி அவர் பிறகு உருவாக்கிய புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு அந்த வளைகோடு ஒரு முன்னோட்டம்.

அவருடைய முதல் துறை ஃபோலியேஷன். ஒரு வெளி முழுவதையும் அதைவிடக் குறைந்த பரிமாணமுள்ள அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். அடுக்குகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, இடையில் சந்தும் விடக் கூடாது. எந்த வெளியை இப்படிப் பிரிக்க முடியும், எத்தனை விதமாக முடியும் என்பவை அந்தத் துறையின் கேள்விகள். 1972-ல் முனைவர் பட்டம். அதையொட்டிய சில வருடங்களில் அந்தத் துறையின் பெரிய கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்து வைத்தார். மேனிஃபோல்டு என்றால் கிட்ட நின்று பார்க்கும்போது சாதாரண வெளி போலவே தெரியும் வெளி; ஆய்லர் எண் என்பது அதன் வடிவத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண். அந்த எண் பூஜ்யமாக இருக்கும் எந்த மூடிய மேனிஃபோல்டையும், அதைவிட ஒரு பரிமாணம் குறைந்த அடுக்குகளாகப் பிரிக்கலாம் என்ற 1976-ஆம் ஆண்டுத் தேற்றம் அதன் சிகரம். 1974-ல், 27 வயதில், பிரின்ஸ்டனில் முழுப் பேராசிரியர் ஆகிவிட்டார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் பாதித்த விஷயம் வருகிறது. ஒரு துறையில் ஒருவர் இவ்வளவு சாதித்தால் அந்தத் துறை செழிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. ஃபோலியேஷன் பக்கம் போகாதே, தர்ஸ்டன் எல்லாவற்றையும் துடைத்து முடித்துக்கொண்டிருக்கிறார் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. சில வருடங்களில் துறையே காலியானது. 1994 கட்டுரையில் அவரே இதை எழுதுகிறார். அங்கே செய்ய இன்னும் நல்ல வேலை நிறைய இருந்தது, கிணறு வற்றிவிடவில்லை என்பது அவர் கருத்து. பிறகு ஏன் எல்லோரும் கிளம்பிப் போனார்கள்? தன் கட்டுரைகளைத் துறைக்குள் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் புரியும் விதத்தில் இறுக்கமாக எழுதியது ஒரு காரணம் என்கிறார். இன்னொரு காரணம்தான் முக்கியம். மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பது விடைகளின் பட்டியல் என்று அவர் நினைத்திருந்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது புரிதல்: அவர் தலைக்குள் அந்த வெளிகள் எப்படித் தெரிகின்றன, எந்த வழியாக யோசிக்கிறார் என்பது. தேற்றம் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தால், அடுத்தவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

இவ்வளவு பெரிய வெற்றியை இப்படித் திருப்பிப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அடுத்த துறையில் அவர் நடந்துகொண்ட விதம் முழுக்க இந்தப் புரிதலிலிருந்து வந்தது.

அந்த அடுத்த துறைதான் முப்பரிமாண வெளிகள். கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இரண்டு பரிமாணத்தில், அதாவது பரப்புகளில், விஷயம் ஏற்கெனவே தெளிவாகியிருந்தது. ஓட்டை இல்லாத கோளப் பரப்புக்குக் கோள வடிவியல் பொருந்தும். ஒரு ஓட்டை இருந்தால் நாம் பள்ளியில் படிக்கும் யூக்ளிடின் வடிவியல். இரண்டு அல்லது அதற்கு மேல் ஓட்டைகள் இருந்தால் ஹைபர்பாலிக் வடிவியல். கடைசியாகச் சொன்னதைக் கற்பனை செய்ய, பாவாடை ஓரத்தில் வைத்துத் தைக்கும் ஃப்ரில்லை நினைத்துக்கொள்ளலாம். மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக, தட்டையாக விரிக்க முடியாத அளவுக்குத் துணி அதிகமாகிக்கொண்டே போகும், அதனால் அலையலையாக மடியும். அந்த வெளியில் வட்டத்தின் சுற்றளவு ஆரத்தோடு நேர் விகிதத்தில் வளராது, அடுக்கேற்ற வேகத்தில் பெருகும். தர்ஸ்டன் காகித வளையங்களை ஒட்டி இந்தத் தளத்துக்கு மாதிரி செய்து காட்டுவார். பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர், காகித மாதிரி சீக்கிரம் கிழிந்துவிடுகிறதே என்று அதையே குரோஷா ஊசியால் நூலில் பின்னினார். அந்தப் பின்னல்கள் உலகம் முழுக்கக் கண்காட்சிகளுக்குப் போயின.

மூன்று பரிமாணத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. முப்பரிமாண வெளிகள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் ஒரு தினுசு, வெட்டி ஒட்டிச் சமாளிக்க வேண்டியதுதான் என்பது பொதுவான மனநிலை. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் ரைலி என்பவர் விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்தார். கயிற்றில் எட்டு வடிவமாகப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. வெளியிலிருந்து அந்த முடிச்சை மட்டும் எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் வெளிக்கு ஹைபர்பாலிக் வடிவியல் கச்சிதமாகப் பொருந்துகிறது! தர்ஸ்டன் அதே வெளியை இரண்டு நான்முகிகளை ஒட்டியே கட்டிவிடலாம் என்று காட்டினார். நான்முகிகளின் முனைகள் முடிவிலியில் இருக்கும், ஆனாலும் கன அளவு முடிவுள்ளது: 2.0298 சொச்சம். ஜார்ஜ் மாஸ்டோ 1968-ல் மூடிய வெளிகளுக்கு நிறுவி, கோபால் பிரசாத் 1973-ல் இத்தகைய வெளிகளுக்கும் விரித்த ஒரு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது: இத்தகைய வெளிக்குப் பொருந்தும் ஹைபர்பாலிக் வடிவியல் ஒன்றே ஒன்றுதான். அதனால் அந்தக் கன அளவு அந்த முடிச்சுக்கே உரிய எண். எப்படி இழுத்தாலும் வளைத்தாலும் மாறாது. இழுத்து வளைக்கலாம், நீளமோ கோணமோ கணக்கில்லை என்று ஆரம்பிக்கும் டோபாலஜிக்குள், நீளமும் கோணமும் கன அளவும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டன. முதல் முறை இது புரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

ஒற்றை முடிச்சில் கண்டதைத் தர்ஸ்டன் எங்கும் தேடினார். சில குறிப்பிட்ட குடும்பங்களைத் தவிர்த்து எல்லா முடிச்சுகளுமே ஹைபர்பாலிக் என்று நிறுவினார். இதன் வீச்சு 1998-ல் வந்த ஓர் அட்டவணையில் தெரியும். கயிறு தன்னையே கடக்கும் இடங்கள், அதாவது குறுக்கீடுகள், 16 வரை உள்ள பகா முடிச்சுகளை (இரண்டு சிறிய முடிச்சுகளாகப் பிரிக்க முடியாதவற்றை) கணினியால் பட்டியலிட்டார்கள். பதினேழு லட்சத்துக்கும் மேல் வந்தன. அவற்றில் ஹைபர்பாலிக் அல்லாதவை வெறும் 32.

இதிலிருந்து வந்ததுதான் வடிவியலாக்க யூகம். எந்த மூடிய முப்பரிமாண வெளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோளங்கள் வழியாகவும், வடை வடிவப் பரப்புகளான டோரஸ்கள் வழியாகவும் அதைச் சில துண்டுகளாக வெட்டலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எட்டே எட்டு வடிவியல்களில் ஏதோ ஒன்று பொருந்தும் என்றார் தர்ஸ்டன். எட்டில் ஹைபர்பாலிக் வடிவியல்தான் ஆகப் பெரியது, ஆகச் செழிப்பானது. எந்த வளையத்தையும் ஒரு புள்ளியாகச் சுருக்க முடிகிற மூடிய முப்பரிமாண வெளி முப்பரிமாணக் கோளம் மட்டுமே என்று சொல்லும், 1904-லிருந்து யாருக்கும் பிடிபடாமல் இருந்த புவான்கரே யூகம் இந்தப் பெரிய படத்தில் ஒரு சிறிய மூலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹாக்கன் வகை எனப்படும் பெரிய ஒரு வகுப்புக்குத் தர்ஸ்டனே இதை நிரூபித்தார். 1982-ல் எழுதிய ஒரு கட்டுரையில் முழுப் படத்தையும் வைத்து, கூடவே 24 கேள்விகளையும் பட்டியலிட்டார். அடுத்த 30 வருடங்களுக்கு அந்தத் துறைக்கு அதுவே வழிகாட்டிப் பலகை.

ஆனால் இந்த முறை ஃபோலியேஷனில் செய்ததைச் செய்யவில்லை. நிரூபணங்களை வரிசையாக இறக்கித் துறையை மூடிவிடாமல், முதலில் ஆட்களைத் தயார்செய்தார். 1978 முதல் 1980 வரை பிரின்ஸ்டனில் நடத்திய பாடங்களின் குறிப்புகள் நகலெடுக்கப்பட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் போயின. நெடுங்காலம் புத்தகமாக வராத அந்தக் குறிப்புகளில்தான் ஒரு தலைமுறையே முப்பரிமாண வடிவியலைக் கற்றது. வில்லியம் ஃபிளாயிட், ஸ்டீவன் கெர்க்காஃப் போன்ற மாணவர்கள் எழுத உதவினார்கள். கன அளவு பற்றிய ஓர் அத்தியாயத்தை எழுதியவர் ஜான் மில்னர். அந்தக் குறிப்புகளைப் படிப்பது சுலபமில்லை. நடுநடுவே கையால் வரைந்த படம் ஒன்று வரும், அடுத்த இரண்டு பக்கத்தின் வாதம் முழுவதும் அந்தப் படத்துக்குள் இருக்கும். படத்தை உற்றுப் பார்த்து, தலைக்குள் சுழற்றிப் பார்த்து, சரி, இப்போது பிடிபட்டது என்று நகர வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது.

இதற்கு விலையும் இருந்தது. 1993-ல் ஆர்தர் ஜாஃபி, ஃபிராங்க் க்வின் இருவரும் அதே புல்லட்டினில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முழு நிரூபணம் எழுதாமல் பெரிய முடிவுகளை அறிவிப்பது துறைக்குக் கெடுதல், உரிமை ஒருவருக்குப் போய்விடுகிறது, விவரங்களை நிரப்பும் கடினமான வேலை மற்றவர் தலையில் விழுகிறது என்றார்கள். உதாரணங்களில் ஒன்று தர்ஸ்டன். நான் ஆரம்பத்தில் சொன்ன 1994 கட்டுரை அதற்கு எழுதிய பதில்தான்.

அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஹாக்கன் வகைக்கான நிரூபணத்தை முழுமையாக எழுதி முடிக்க ஜான் மார்கன், ழான்-பியர் ஓட்டால், மிக்கேல் கப்போவிச் போன்ற வேறு பலர் வருடக்கணக்கில் உழைத்தார்கள். தூரத்து ஊரில், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு எழுதப்பட்ட நிரூபணம் மட்டும்தான் துணை. எனக்கே அந்த அனுபவம் உண்டு. பிரின்ஸ்டன் தேநீர் அறையில் பத்து நிமிடப் பேச்சில் தீர்ந்துவிடும் சந்தேகத்தை நாங்கள் மாதக்கணக்கில் சுமந்திருக்கிறோம்.

இருந்தாலும் தர்ஸ்டனின் பதில் அந்தச் சண்டையைவிடப் பெரிய இடத்துக்குப் போகிறது. கணிதவியலாளர்கள் எப்படித் தேற்றங்களை நிரூபிக்கிறார்கள் என்ற கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்று தொடங்குகிறார். கணிதத்தை மனிதர்கள் புரிந்துகொள்வதை நாம் எப்படி முன்னே நகர்த்துகிறோம் என்று கேட்க வேண்டும் என்கிறார். வகையீடு என்ற ஒற்றைக் கருத்தை எத்தனை விதமாக மனதில் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறார்: மாறும் வேகம், தொடுகோட்டின் சாய்வு, நுண்ணோக்கியில் பெருக்கிப் பார்த்தால் தெரியும் நேர்கோடு என்று. எல்லாம் தர்க்கப்படி ஒன்றுதான். தலைக்குள் ஒவ்வொன்றும் வேறு. ஒரே துறைக்காரர்கள் இருவர் நேரில் கைகளை ஆட்டிப் பேசினால் சில நிமிடத்தில் கைமாறும் விஷயம் மேடைப் பேச்சில் ஒரு மணி நேரம் எடுக்கிறது, தாளில் எழுதினால் பதினைந்து இருபது பக்கம் ஆகிறது. ஏன்? கணித அறிவின் பெரும்பகுதி தாளில் இல்லை, அதைச் செய்யும் மனிதர்களின் கூட்டத்துக்குள் உயிரோடு இருக்கிறது என்கிறார். ஆட்கள் கலைந்துபோனால் அறிவும் மங்கிவிடும். ஃபோலியேஷனில் நடந்ததும் அதுதான்.

நம் கல்லூரிகளில் கணிதம் படித்த யாருக்கும் இது உறைக்க வேண்டும். கரும்பலகையில் நிரூபணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதி, கீழே கோடு போட்டுவிட்டுப் போகும் வகுப்புகளில் நான் இருந்திருக்கிறேன். பலகையில் தப்பே இருக்காது. யார் தலைக்கும் ஒன்றும் வந்து சேர்ந்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-ஆம் ஆண்டுக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆலன் கோன், ஷிங்-டுங் யாவ் இருவரோடு சேர்த்து இவருக்கும் கிடைத்தது. போலந்தில் ராணுவச் சட்டம் இருந்ததால் வார்சாவில் நடக்க வேண்டிய மாநாடு ஓர் ஆண்டு தள்ளிப்போய் 1983-ல் நடந்தது. கணித ஆய்வுக்கு ராணுவப் பணம் வருவதை 1980களில் வெளிப்படையாக எதிர்த்தார். 1992 முதல் 1997 வரை பெர்க்லியில் உள்ள கணித அறிவியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், 2003-லிருந்து கார்னெல்.

பதவிகளைவிட அவர் சொல்லிக்கொடுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஜான் கான்வே, பீட்டர் டாயில், ஜேன் கில்மன் ஆகியோரோடு சேர்ந்து ஒரு வடிவியல் பாடத்தை வடிவமைத்தார். அதில் ஒரு கேள்வி: தரையில் சைக்கிளின் இரண்டு சக்கரத் தடங்களும் இருக்கின்றன, சைக்கிள் எந்தத் திசையில் போனது? நிஜமாகவே பெரிய காகிதத்தின் மேல் சைக்கிள் ஓட்டித் தடம் எடுத்து மாணவர்கள் முன் விரித்தார்கள். பின்சக்கரத் தடத்துக்கு எந்த இடத்தில் தொடுகோடு வரைந்தாலும் அது சைக்கிளின் இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான நீளத்துக்குச் சரியாக, எப்போதும் ஒரே தூரத்தில், முன்சக்கரத் தடத்தைத் தொட வேண்டும். தப்பான திசையில் வரைந்தால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். என் மாணவர்களுக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். வகையீட்டில் தோற்றவர்கள்கூடத் தரையில் உட்கார்ந்து அளவுகோலை எடுத்துவிடுவார்கள்.

மினசோட்டாவில் இருந்த வடிவியல் மையத்தில், கோளத்தைக் கிழிக்காமல், மடிப்புக் கூர் விழாமல் உட்புறம் வெளியே வரும்படி திருப்புவதைக் கணினிப் படமாக எடுத்தார்கள். பரப்பு தன்னைத்தானே ஊடுருவிப் போகலாம், அது மட்டும் அனுமதி. இது முடியும் என்று ஸ்டீஃபன் ஸ்மேல் 1950களின் இறுதியில் நிரூபித்திருந்தார். எப்படி என்று கண்ணால் பார்ப்பது வேறு விஷயம். கோளத்தை நெளிநெளியாக மடித்து அதை இளகவைப்பது தர்ஸ்டனின் யோசனை. 2010-ல் பாரிஸில் இஸ்ஸே மியாகே ஆடை நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டாய் ஃபுஜிவாரா, தர்ஸ்டனின் எட்டு வடிவியல்களை வைத்து ஒரு முழு ஆடை வரிசையையே மேடையேற்றினார். தர்ஸ்டன் அங்கே போயிருந்தார். தையல்காரியின் மகனுக்கு இது எவ்வளவு பொருத்தம்!

வடிவியலாக்க யூகத்தை முழுமையாக நிரூபித்தவர் கிரிகோரி பெரல்மான். 2002 நவம்பருக்கும் 2003 ஜூலைக்கும் நடுவே மூன்று கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார். அவர் பயன்படுத்தியது ரிச்சர்ட் ஹாமில்டன் தொடங்கிய, வெளியின் வளைவைச் சிறிது சிறிதாகச் சீராக்கும் ரிச்சி பாய்வு என்ற முறை. தர்ஸ்டனின் கருவிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தன் வாழ்நாள் யூகத்தை இன்னொருவர் வேறு வழியில் முடித்துவிட்டார் என்றால் கொஞ்சமாவது வலிக்கும் என்று நாம் நினைப்போம். 2010-ல் பாரிஸில் கிளே கணித நிறுவனம் புவான்கரே யூகத்தைத் தீர்த்ததற்காகப் பெரல்மானைக் கௌரவிக்க நடத்திய கூட்டத்தில் தர்ஸ்டன் பேசினார். தான் முயன்று எட்டமுடியாத இடத்தை இன்னொருவர் எட்டியதில் அவருக்கு இருந்த சந்தோஷம் அந்தப் பேச்சு முழுவதும் இருக்கிறது. அதற்கான பத்து லட்சம் டாலர் பரிசில் பெரல்மான் ஆர்வம் காட்டாததை உலகம் கிறுக்குத்தனம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். தர்ஸ்டன், பெரல்மானின் கணிதத்திலிருந்து கற்றுக்கொண்டோம், வாழ்க்கையை அவர் பார்க்கும் விதத்திலிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார்.

2011-ல் அவருக்கு மெலனோமா புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியை அகற்றிய அறுவை சிகிச்சையில் வலது கண் போனது. வேலையை விடவில்லை. ஒற்றைப் பரிமாண இயக்கங்களின் என்ட்ரோபி, அதாவது அவற்றின் சிக்கலின் அளவு, பற்றிய அவருடைய கடைசிப் பெரிய ஆய்வு அந்த மாதங்களில் நடந்தது. 2012 ஆகஸ்ட் 21 அன்று காலமானார். 65 வயது.

அந்த 1982-ஆம் ஆண்டுக் கேள்விப் பட்டியலில் மிகக் கடினமானவற்றில் சில, அவர் கண்முன்னேயே தீர்ந்தன. ஜெரமி கான், விளாடிமிர் மார்கோவிச், டேனியல் வைஸ் ஆகியோர் போட்ட பாதையில் நடந்து, 2012 மார்ச்சில் இயன் ஏகோல் பாரிஸில் அவற்றுக்கான நிரூபணத்தை அறிவித்தார். எந்த மூடிய ஹைபர்பாலிக் வெளியையும் போதிய அளவு விரித்தால் (அதை வெட்டி எடுத்த பிரதிகள் பலவற்றை ஒட்டிப் பெரிய வெளியாக்கினால்), ஒரு பரப்பை வட்டமாக நகர்த்திக் கிடைக்கும் வெளியாக அது ஆகிவிடும் என்பது அதன் விளைவுகளில் ஒன்று. 1982-ல் தர்ஸ்டன் இதைக் கேள்வியாக வைத்தபோது, இப்படி இருக்கும் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு கேள்வி இந்தியாவில் தீர்ந்தது. ஹைபர்பாலிக் தளத்தின் விளிம்பு ஒரு வட்டம், ஹைபர்பாலிக் வெளியின் விளிம்பு ஒரு கோளம். தளம் வெளிக்குள் நெளிந்து நெளிந்து உட்காரும்போது அந்த வட்டம் கோளப் பரப்பின் மேல் தொடர்ச்சியாகப் போய்ப் படியுமா? ஜிம் கேனனும் தர்ஸ்டனும் சில வெளிகளுக்கு ஆம் என்று காட்டியிருந்தார்கள். ஒற்றைக் கோடு கோளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு நிரப்பிவிடுகிறது! பரப்புக் குழுக்கள் (பரப்புகளிலிருந்து எழும் சமச்சீர்களின் தொகுப்புகள்) எல்லாவற்றுக்கும் இதை நிறுவியவர் மகான் மகராஜ், ராமகிருஷ்ண மிஷன் துறவி, பேலூரிலும் பிறகு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை செய்தவர். 2014-ல் அந்த நிரூபணம் வெளியானது. பெர்க்லியில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஒருவர் காவி உடுத்திக்கொண்டு கங்கைக் கரையில் இந்தக் கேள்வியை வருடக்கணக்கில் யோசித்துத் தீர்த்திருக்கிறார் என்று என் வகுப்பில் சொல்லும்போது, மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

இருபத்து நான்கில் 23-ஆம் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஹைபர்பாலிக் வெளிகளின் கன அளவுகள் அத்தனையும் ஒன்றுக்கொன்று விகிதமுறு எண் விகிதத்தில் இருந்துவிடவில்லை, அப்படி இல்லாத ஒரு ஜோடியாவது உண்டு என்று காட்ட வேண்டும். எட்டு வடிவ முடிச்சின் 2.0298-ஐ எத்தனை தசம இடம் வேண்டுமானாலும் கணினி கொடுக்கும். அந்த எண் விகிதமுறு எண்ணா இல்லையா என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. எந்த ஒரு ஹைபர்பாலிக் வெளிக்கும் தெரியாது. எண்கணிதத்திலும் வடிவியலிலும் ஒரே நேரத்தில் ஆசை உள்ள மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 1982 கட்டுரையின் கடைசிப் பக்கங்களை எடுத்து 23-ஆம் கேள்வியை ஒரு முறை பாருங்கள்.